இயந்திரத்தின் தீர்ப்பும் ஆராய்ச்சி மணியும்



பரீட்சைப் பெறுபேறு வெளிவரும் நாளை அறியாத வீடு எம் நாட்டிலே இல்லை. பெறுபேற்றுத் தாளிலே காணப்படும் சில எழுத்துக்கள் ஒரு பிள்ளையின் வாழ்க்கைப் பாதையையே மாற்றிவிட வல்லன. மருத்துவராவதும், ஆசிரியராவதும், மேற்கொண்டு படிக்க வழியின்றி வீட்டோடு இருந்துவிடுவதும் பெரும்பாலும் அவ்வெழுத்துக்களையே பொறுத்திருக்கின்றன. அவற்றை விடைத்தாளைப் படித்த பரீட்சகர் எழுதாமல், பிள்ளையை ஒருபோதும் காணாத ஓர் இயந்திரம் எழுதுமாயின் என்ன நேரும்? இஃது இட்டுக்கட்டிய கேள்வி அன்று. 2020ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் உண்மையாகவே நிகழ்ந்தது. அந்நிகழ்ச்சியை அடிப்படையாகக் கொண்டு, செயற்கை நுண்ணறிவை அறநெறிக்கு அமைந்ததாகவும் நம்பத்தக்கதாகவும் ஆளும் வழி யாது என்பதைப் பற்றி இன்று சிறிது ஆராய விரும்புகின்றேன்.

முதற்கண், செயற்கை நுண்ணறிவு என்பது யாது என்பதை எளிமையாகக் கூறிவிடுகின்றேன். மனிதர் தம் அறிவைக் கொண்டு செய்யும் சில காரியங்களைக் கணினியைக் கொண்டு செய்விப்பதே அது. இதனை இரண்டு வகையாகச் செய்யலாம். விதிகளை மனிதரே எழுதிக் கொடுத்து, கணினியை அவற்றின்படி கணக்கிடச் செய்வது ஒரு வகை. பழைய பதிவுகளை இலட்சக்கணக்கிலே கணினிக்குக் கொடுத்து, அவற்றில் மறைந்துள்ள ஒழுங்கைத் தானே கண்டுபிடிக்கச் செய்வது மற்றொரு வகை. இன்று உலகம் செயற்கை நுண்ணறிவு என்று வியந்து பேசுவது பெரும்பாலும் இரண்டாவது வகையையே. ஆயினும் தீர்ப்புக்கு ஆளாகும் மனிதனை நோக்கினால், இரண்டுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டுமே பிறருடைய கடந்த காலத்தைக் கண்டு, தம் முன்னே நிற்பவனின் எதிர்காலத்தைப் பற்றித் தீர்ப்புக் கூறுகின்றன. இன்று நாம் சிந்திக்கவேண்டிய சிக்கல் இதிலேதான் தொடங்குகின்றது.

இங்கிலாந்தில் நிகழ்ந்ததை இனிப் பார்ப்போம். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே கொரோனாப் பெருந்தொற்றினால் அந்நாட்டுப் பாடசாலைகள் மூடப்பட்டன. அவ்வாண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை கைவிடப்பட்டது. ஆனால் மாணவர்கள் பல்கலைக்கழகம் செல்லவேண்டுமே. ஆகவே அவர்களுக்குப் பெறுபேறு ஒன்று தேவைப்பட்டது. பரீட்சைகளை ஒழுங்குபடுத்தும் ஒஃப்குவல் என்னும் அரசாங்க நிறுவனம் பாடசாலைகளிடம் இரண்டு விடயங்களைக் கேட்டது. ஒவ்வொரு மாணவரும் பரீட்சை எழுதியிருந்தால் எத்தகைய சித்தியைப் பெற்றிருப்பார் என்ற ஆசிரியரின் மதிப்பீடு ஒன்று. பாடந்தோறும் முதலாமவர் இவர், இரண்டாமவர் இவர் என மாணவரை நிரைப்படுத்திய பட்டியல் மற்றொன்று.

ஆசிரியர் தம் மாணவரிடத்து அன்பு மிக்கவர். ஐயத்துக்கு இடமுள்ள போது மாணவருக்குச் சார்பாகவே அவர் மதிப்பிடுவார். அவ்வாறு நாடெங்குமுள்ள ஆசிரியரின் மதிப்பீடுகளை ஒருங்கு சேர்த்துப் பார்த்தபோது, முந்திய ஆண்டுகளைவிடப் பெறுபேறுகள் மிகவும் உயர்ந்து காணப்பட்டன. அவற்றை அப்படியே ஏற்றால் சான்றிதழின் மதிப்புக் குன்றிவிடும் என்று ஒஃப்குவல் அஞ்சியது. அந்த அச்சத்தை நியாயமற்றதென்று தள்ளிவிட முடியாது. அதனால் கணிப்புச் சூத்திரம் ஒன்றை வகுத்தது. அச்சூத்திரம் ஒவ்வொரு பாடசாலையும் 2017, 2018, 2019 ஆகிய மூன்று ஆண்டுகளில் அப்பாடத்திலே பெற்ற பெறுபேறுகளை எடுத்தது. இவ்வாண்டு மாணவர்கள் முன்னைய பரீட்சைகளிலே பெற்றிருந்த தேர்ச்சியைக் கொண்டு அதனைச் சிறிது கூட்டியோ குறைத்தோ அமைத்தது. பின்னர் ஆசிரியர் தந்த நிரையின்படி சித்திகளைப் பகிர்ந்தளித்தது.

இதன் விளைவு என்ன? ஒரு பாடசாலையிலே கடந்த மூன்று ஆண்டுகளிலும் கணிதத்தில் ஏ சித்தி பெற்றவர் எவரும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். இவ்வாண்டு அங்கே கணிதத்திற் சிறந்த மாணவி ஒருத்தி இருந்தாலும், அவள் ஏ சித்தி பெறுவது அரிதாகிவிடும். அவ்வாறே முந்திய ஆண்டுகளிலே சிலர் சித்தியடையத் தவறியிருந்தால், இவ்வாண்டு நிரையின் இறுதியில் நிற்பவனுக்கும் அத்தவறு வந்து சேரக்கூடும். தான் எழுதாத பரீட்சையிலே, தான் அறியாத முன்னோர் எழுதிய விடைகளுக்காக ஒரு பிள்ளை புள்ளி இழந்தது.

2020ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 13ஆம் திகதி பெறுபேறுகள் வெளியாயின. ஆசிரியர் அளித்த மதிப்பீடுகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 39 வீதம் குறைக்கப்பட்டிருந்தன. சூத்திரத்திலே வேறொரு நுட்பமும் இருந்தது. ஒரு பாடத்தில் மிகச் சில மாணவரே இருந்தால், அத்துணைச் சிறு தொகையை வைத்துக் கணக்கிடுதல் தகாது என்று ஆசிரியரின் மதிப்பீட்டையே அது ஏற்றுக்கொண்டது. கணக்கியல் நோக்கிலே இது பொருத்தமானதே. ஆனால் சிறு வகுப்புகள் எங்கே மிகுதியாக உள்ளன? கட்டணம் பெறும் தனியார் பாடசாலைகளிலேதான். ஆகவே, ஏ சித்தியும் அதற்கு மேற்பட்டதும் பெற்றோரின் வீதம் தனியார் பாடசாலைகளிலே முன்னைய ஆண்டைவிட 4.7 புள்ளி உயர்ந்தது. அரசாங்கத்தின் பொதுப் பாடசாலைகளிலோ ஏறத்தாழ 2 புள்ளியே உயர்ந்தது. செல்வருக்குச் சலுகை காட்டுக என்று எவரும் அச்சூத்திரத்திலே எழுதி வைக்கவில்லை. எவரும் எழுதாமலே அது நிகழ்ந்துவிட்டது. தீய எண்ணம் சிறிதும் இன்றியே ஓர் இயந்திரம் அநீதி செய்யவல்லது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ?

மாணவர்கள் இலண்டன் மாநகர வீதிகளிலே திரண்டு முறையிட்டார்கள். நான்கே நாட்களில், ஓகஸ்ட் 17ஆம் திகதி, அரசாங்கம் தன் முடிவை மாற்றிக்கொண்டது. ஆசிரியரின் மதிப்பீடு, சூத்திரத்தின் கணிப்பு ஆகிய இரண்டில் எது உயர்ந்ததோ அதுவே மாணவருக்கு உரியதாயிற்று. ஸ்கொத்லாந்திலும் இத்தகைய முறையினால் 124,000க்கு மேற்பட்ட பெறுபேறுகள் குறைக்கப்பட்டு, ஓகஸ்ட் 11ஆம் திகதி அவையெல்லாம் மீளப்பெறப்பட்டிருந்தன. ஓகஸ்ட் மாத இறுதியிலே ஒஃப்குவல் நிறுவனத்தின் தலைமை அதிகாரி பதவி விலகினார். பிரதமரோ பழியைச் சூத்திரத்தின் மீதே சுமத்திப் பேசினார். ஒரு சூத்திரத்தைக் குற்றவாளிக் கூண்டிலே நிறுத்தலாகுமோ? அதனை வகுத்தவரும், ஏற்றவரும், பயன்படுத்துக என்று பணித்தவரும் மனிதரல்லரோ?

இச்சூத்திரத்துக்கு ஒஃப்குவல் இட்ட பெயரைத் தமிழிலே சொன்னால் 'தரப்படுத்தல்' என்றே சொல்லவேண்டும். அச்சொல்லைக் கேட்டதும் எம் நாட்டு மூத்த நேயர்களின் நெஞ்சிலே பழைய நினைவு எழும் என்பதை அறிவேன். 1970களிலே பல்கலைக்கழக அனுமதியில் இப்பெயரோடு வழங்கிய முறைகள் ஒரு தலைமுறையின் உள்ளத்திலே எத்தகைய கசப்பை விளைத்தன என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. இரண்டும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு நோக்கத்தோடு எழுந்தவை. ஆயினும் அவற்றிலே பொதுவான ஓர் உண்மை உண்டு. தன் முயற்சிக்காகவன்றித் தான் சேர்ந்த கூட்டத்துக்காகத் தீர்ப்பிடப்பட்டவன் அத்தீர்ப்பை ஒருகாலும் மறப்பதில்லை.

இங்கிலாந்தின் சூத்திரம் மனிதர் எழுதிய சூத்திரம். தானே கற்றுக்கொள்ளும் இயந்திரம் அன்று. அதனாலேயே அதன் குறைகளை மக்கள் சில நாட்களிற் கண்டுகொண்டார்கள். தானே கற்கும் இயந்திரமாயின் என்ன நேரும் என்பதற்கு ஒல்லாந்து தேசத்திலே ஒரு சான்று உண்டு. அங்கே தொழில்செய்யும் பெற்றோரின் குழந்தைகளைப் பகற்பராமரிப்பு நிலையங்களிலே விடுவதற்கு அரசாங்கம் உதவிப்பணம் வழங்குகின்றது. அதனைப் பொய்யுரைத்துப் பெறுவோரைக் கண்டுபிடிப்பதற்காக, 2013ஆம் ஆண்டிலிருந்து வரித் திணைக்களம் தானே கற்கும் கணினி முறை ஒன்றைப் பயன்படுத்தியது. அது விண்ணப்பங்களை ஆராய்ந்து, ஐயத்துக்குரியவை எவை என்று புள்ளியிட்டுக் கூறும். விண்ணப்பதாரர் ஒல்லாந்துக் குடியுரிமை உடையவரா அல்லரா என்பதும் அப்புள்ளியிலே சேர்க்கப்பட்டது. அயல்நாட்டுக் குடியுரிமை உடையவர் என்பதனாலேயே ஒருவர் மீது ஐயம் கூடியது.

இவ்வாறு தெரிந்தெடுக்கப்பட்ட விண்ணப்பம் ஓர் உத்தியோகத்தரின் மேசைக்கு வரும். ஆனால் இயந்திரம் ஏன் அதனைத் தெரிந்தது என்ற காரணம் அவருக்குச் சொல்லப்படுவதில்லை. பெயரளவிலே ஒரு மனிதர் இடையில் இருந்தார். உண்மையிலே அவருக்கு ஆராய்வதற்கு வழி இல்லை. இக்கணினி முறையோடு இரக்கமற்ற சட்டவிதிகளும் அதிகாரிகளின் கடுமையும் சேர்ந்தன. படிவத்திலே சிறு பிழை விட்டவர்களும் பெற்ற பணம் முழுவதையும் திருப்பிச் செலுத்தப் பணிக்கப்பட்டார்கள். ஆயிரமாயிரம் குடும்பங்கள் கடனில் மூழ்கின. சில குடும்பங்கள் சிதைந்தன. 2020ஆம் ஆண்டு டிசெம்பரிலே பாராளுமன்ற விசாரணைக் குழு இதனை முன்னொருபோதும் காணாத அநீதி எனக் கண்டித்தது. 2021ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் திகதி அந்நாட்டு அமைச்சரவை முழுவதும் பதவி துறந்தது. ஓர் அரசாங்கத்தையே வீழ்த்திய இவ்விவகாரத்தில், பாதிக்கப்பட்ட தாய்மார் பல ஆண்டுகளாகக் கேட்டு நின்றது ஒரே ஒரு கேள்விதான்: நான் செய்த குற்றம் யாது?

இங்கே சிலர் ஒரு தடை எழுப்புவர். மனிதர் மட்டும் தவறு செய்வதில்லையோ? பரீட்சகர் களைப்படைவார், அதிகாரி வேண்டியவருக்குச் சலுகை காட்டுவார், இயந்திரத்துக்குக் களைப்பும் இல்லை, உறவினரும் இல்லை அல்லவா என்று கேட்பர். இத்தடையிலே உண்மை உண்டு. மனிதர் தவறுவர் என்பதை ஆசிரியத் தொழிலில் உள்ளோர் நன்கு அறிவோம். ஆனால் அவ்வுண்மையை அறிந்த நம் முன்னோர் என்ன செய்தார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். பரீட்சகர் தவறக்கூடும் என்பதனாலேயே விடைத்தாளிலே மாணவரின் பெயரை விலக்கிச் சுட்டெண்ணை இட்டார்கள். புள்ளியிடும் திட்டத்தை முன்கூட்டியே வகுத்தார்கள். பரீட்சகருக்கு மேலே பிரதம பரீட்சகரை நியமித்தார்கள். பெறுபேறு வந்த பின்னரும் மீள்பரிசீலனைக்கு விண்ணப்பிக்க மாணவருக்கு உரிமை கொடுத்தார்கள். பரீட்சகர் கெட்டவர் என்பதற்காக இவற்றைச் செய்யவில்லை. பிறருடைய வாழ்வைத் தீர்மானிக்கும் அதிகாரம் எவரிடத்து இருந்தாலும் அதற்குக் காவல் வேண்டும் என்பதற்காகவே செய்தார்கள். நூற்றாண்டுக் கணக்கிலே பட்டறிந்து மனிதருக்கு இட்ட காவல்களை, இயந்திரம் வந்தவுடன் வேண்டாவென்று அகற்றிவிடலாகுமோ?

நம் நாட்டிலே பல்கலைக்கழக அனுமதிக்கு இஸட் புள்ளி முறை வழங்குகின்றது. அதனைப் போற்றுவோரும் உளர்; குறைகூறுவோரும் உளர். 2011ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையிலே பழைய பாடத்திட்டத்தில் எழுதியவர்களையும் புதிய பாடத்திட்டத்தில் எழுதியவர்களையும் ஒன்றாகச் சேர்த்து இஸட் புள்ளி கணித்தமை தவறு என்று மாணவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2012ஆம் ஆண்டிலே உயர் நீதிமன்றம் அக்கணிப்பை ஏற்காது, மீண்டும் கணிக்குமாறு பணித்தது. அவ்வழக்கிலே மாணவர்கள் வாதிட முடிந்தது எவ்வாறு? சூத்திரம் இன்னது என்று தெரிந்திருந்தது. அதனைக் கணித்தவர் யார் என்று தெரிந்திருந்தது. முறையிட ஒரு மன்றமும் இருந்தது. இம்மூன்றும் இல்லாத இடத்திலே எத்துணைத் திறமை வாய்ந்த இயந்திரமாயினும் அதனை நம்புவதற்கு நியாயம் இல்லை.

இவ்விடத்திலே நம் நாட்டுப் பழங்கதை ஒன்று நினைவுக்கு வருகின்றது. அநுராதபுரத்திலிருந்து அரசு செலுத்திய எல்லாள மன்னன் தன் படுக்கையின் தலைமாட்டிலே மணியொன்றைக் கட்டி, நீதி வேண்டுவோர் எவரும் இழுக்கத்தக்கதாக அதன் கயிற்றைத் தூரத்தே தொங்கவிட்டிருந்தான் என மகாவமிசம் கூறுகின்றது. அவனுடைய மகனின் தேர்ச் சில்லிலே அகப்பட்டுக் கன்றொன்று இறந்தது. தாய்ப்பசு வந்து மணியை அசைத்தது. மன்னன் தன் மகனென்றும் பாராது தண்டித்தான். திருவாரூரிலே மனுநீதிச் சோழனைப் பற்றியும் இவ்வாறான கதை வழங்குவதை நேயர்கள் அறிவர்.

இக்கதையைச் சிறுவருக்குச் சொல்லும்போது மன்னனின் நேர்மையையே புகழ்ந்து விடுகின்றோம். மணி அமைந்திருந்த முறையை நாம் கவனிப்பதில்லை. அம்முறையிலே நான்கு சிறப்புகள் உள்ளன. முதலாவது, கயிறு எவர் கைக்கும் எட்டும் இடத்திலே, எவர் கண்ணுக்கும் தெரியும்படி தொங்கியது. இரண்டாவது, மணி ஒலித்தால் விடைசொல்ல வேண்டியவன் இன்னான் என்பது தெரிந்திருந்தது. மூன்றாவது, வாயில்லாப் பசு தன் வழக்கைத் தானே நிறுவவேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. ஆராய்ந்து உண்மை காணும் பொறுப்பை அரசனே ஏற்றான். நான்காவது, ஆராய்ந்தவனுக்குத் தீர்ப்பளிக்கும் அதிகாரம் முழுமையாக இருந்தது. ஆறுதல் மொழி கூறிப் பசுவை அனுப்பிவிடவில்லை.

செயற்கை நுண்ணறிவை ஆளும் நெறியும் இந்நான்கிலே அடங்கும் என்பது என் துணிபு. உன்னைப் பற்றிய இம்முடிவை எடுத்தது இயந்திரம் என்று மக்களுக்கு வெளிப்படையாகக் கூறுதல் வேண்டும். அதற்குப் பொறுப்பாளர் இன்னார் என்று பெயர் குறித்து வைத்தல் வேண்டும். காரணத்தைக் கண்டறிந்து எடுத்துரைக்கும் கடமை இயந்திரத்தைப் பயன்படுத்துவோரைச் சாரவேண்டும். பாதிக்கப்பட்டவர் மீது அதனைச் சுமத்தலாகாது. இறுதியாக, முறையீட்டைக் கேட்கும் மனிதருக்கு இயந்திரத்தின் முடிவை மாற்றும் அதிகாரமும் ஆற்றலும் அவகாசமும் இருத்தல் வேண்டும். ஒல்லாந்திலே உத்தியோகத்தர் இருந்தார். ஆனால் காரணம் அறியாதவராக இருந்தார். இங்கிலாந்திலே முறையீட்டுக்கு வழி இருந்தது. ஆனால் அது மாணவர் தாமே நேரிற் சென்று தட்டக்கூடிய கதவாக இருக்கவில்லை. பாடசாலை வழியாகவே, மிகக் குறுகிய காரணங்களுக்காகவே முறையிட முடிந்தது. கயிறு இல்லாத மணி ஆராய்ச்சி மணி ஆகாது.

இவற்றோடு ஐந்தாவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். அது முன்னதாகவே சோதித்தல். இங்கிலாந்திலே 2020ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலேயே அரச புள்ளிவிபரவியற் கழகம், தன் அறிஞர் இருவரைச் சூத்திரத்தை ஆராயும் பணிக்குத் தருவதாகக் கூறியது. அதற்குக் கடுமையான இரகசிய உடன்படிக்கை ஒன்றிலே ஒப்பமிட வேண்டும் என்று கேட்கப்பட்டதனால் அவர்கள் பங்குபற்ற முடியவில்லை. சூத்திரத்தை விளக்கும் முந்நூறு பக்கத்துக்கு மேற்பட்ட அறிக்கை பெறுபேறு வெளியான அன்றே வெளிவந்தது. பாலம் கட்டியவர் அதன் உறுதியைச் சோதிக்கும் ஆவணத்தை, மக்கள் அதன்மீது நடந்து செல்லும் நாளிலே வெளியிடுவதை எவரேனும் ஏற்பரோ?

உலக நாடுகள் இவ்வகையிலே சில முயற்சிகளைத் தொடங்கியுள்ளன. 2021ஆம் ஆண்டு நவம்பரிலே, யுனெஸ்கோ நிறுவனத்தின் 193 உறுப்பு நாடுகள் செயற்கை நுண்ணறிவின் ஒழுக்கநெறி பற்றிய பரிந்துரையை ஏற்றன. இறுதிப் பொறுப்பு மனிதருடையதே. அதனை இயந்திரத்திடம் கையளிக்கலாகாது என்பது அதன் சாரங்களில் ஒன்று. ஐரோப்பிய ஒன்றியம் அதற்கும் அப்பாற் சென்று சட்டமே இயற்றியது. 2024ஆம் ஆண்டு ஓகஸ்ட் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்து, கட்டங் கட்டமாகச் செயற்படுத்தப்படும் அச்சட்டம், இயந்திரங்களை அவற்றால் விளையக்கூடிய தீங்கின் அளவைக் கொண்டு பாகுபடுத்துகின்றது. சிலவற்றை முற்றாகத் தடைசெய்கின்றது. பாடசாலையிலும் தொழில் நிலையத்திலும் மனிதரின் முகத்தையும் குரலையும் கொண்டு அவர்களுடைய மனவுணர்ச்சியை ஊகிக்கும் கருவிகள், மருத்துவம் பாதுகாப்பு ஆகிய காரணங்கள் தவிர்ந்த ஏனையவற்றுக்கு, 2025ஆம் ஆண்டு பெப்ரவரி முதல் அங்கே தடைசெய்யப்பட்டுள்ளன. மாணவரைப் பாடசாலைக்குத் தெரிதல், அவரது கல்வியை மதிப்பிடுதல் ஆகியவற்றுக்குப் பயன்படும் கருவிகளை மிகுந்த ஆபத்துக்குரியவை என்ற வகுப்பிலே அச்சட்டம் வைத்திருப்பது ஆசிரியரும் பெற்றோரும் கவனிக்கத்தக்கது. தடைசெய்யப்பட்டதைச் செய்யும் நிறுவனத்துக்கு 3 கோடி 50 இலட்சம் யூரோ, அல்லது உலகளாவிய ஆண்டு விற்பனையில் நூற்றுக்கு 7 வீதம், இவ்விரண்டில் உயர்ந்த தொகை வரை தண்டம் விதிக்கலாம்.

இலங்கையிலும் கயிறு முற்றாக இல்லாமற் போகவில்லை. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாப்பதற்காக 2022ஆம் ஆண்டிலே பாராளுமன்றம் நிறைவேற்றிய 9ஆம் இலக்கச் சட்டத்திலே, இயந்திரம் தானாகவே எடுத்த முடிவொன்றினால் மீளமுடியாத பாதிப்புக்கு உள்ளாகும் ஒருவர், அம்முடிவை மீளாய்வு செய்யுமாறு கேட்பதற்கு இடம் வைக்கப்பட்டது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வாயிலாக, அரசாங்க நிறுவனமொன்று எம்முறையைக் கொண்டு முடிவெடுக்கின்றது என்று குடிமக்கள் கேட்கலாம். சட்டம் ஏட்டிலே இருந்தால் மட்டும் போதாது. கயிறு இருக்கின்றது என்பதை அறியாதவன் அதனை இழுக்கமாட்டான். அதனை அறிவிப்பது நம்போன்ற ஆசிரியரின் கடமையும், வானொலி போன்ற சாதனங்களின் கடமையுமாகும்.

இவையெல்லாம் பெரிய அரசாங்கங்களின் காரியங்கள், நமக்கென்ன என்று எவரும் எண்ணிவிடலாகாது. இதே கேள்வி இன்று வகுப்பறைக்குள்ளேயே வந்துவிட்டது. மாணவர் எழுதிய கட்டுரையைக் காட்டினால், இதனை மனிதர் எழுதினாரா இயந்திரம் எழுதியதா என்று கூறும் கருவிகள் வந்துள்ளன. அவற்றின் சொல்லை வேதவாக்காகக் கொள்ளும் வழக்கம் எங்கும் வேரூன்றுதல் ஆகாது. 2023ஆம் ஆண்டிலே ஸ்ரான்வோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் இத்தகைய ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதோர் தாமே எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்தபோது, சராசரியாக அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவற்றை இயந்திரம் எழுதியவை என்று அக்கருவிகள் பிழையாகக் கூறின. எளிய சொற்களை அளவாகக் கையாண்டு எழுதுவதே அவற்றின் கண்ணிலே குற்றமாகத் தோன்றியது. செயற்கை நுண்ணறிவுத் துறையிலே முன்னணியில் நிற்கும் ஓப்பன்ஏஐ நிறுவனமே, தான் வெளியிட்ட இத்தகைய கருவியைப் போதிய துல்லியம் இல்லாமையால் 2023ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலே மீளப்பெற்றுக்கொண்டது. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்கும் நம் பிள்ளைகளுக்கு இச்செய்தி மிகவும் நெருக்கமானது. நேர்மையாக முயன்று எழுதிய பிள்ளையைக் கள்வன் என்று ஒரு கருவி சொன்னால், ஆசிரியர் செய்யவேண்டியது என்ன? பிள்ளையை அழைத்து, இதனை எவ்வாறு எழுதினாய், இக்கருத்து எங்கிருந்து வந்தது என்று அன்போடு கேட்பதே. ஐந்து நிமிடம் பேசினால் உண்மை பெரும்பாலும் விளங்கிவிடும். அந்த ஐந்து நிமிடத்தை மிச்சப்படுத்துவதற்காக ஒரு பிள்ளையின் மானத்தை விலையாகக் கொடுத்தல் தகாது.

நேயர்களே, செயற்கை நுண்ணறிவை வேண்டாவென்று தள்ளுமாறு நான் கூறவில்லை. பார்வையற்ற மாணவனுக்குப் புத்தகத்தை வாசித்துக் காட்டவும், தொலைவிலுள்ள கிராமத்துப் பிள்ளையின் ஐயத்தைத் தீர்க்கவும், மருத்துவர் நோயை வேளையோடு கண்டறியவும் அது துணைசெய்ய வல்லது. துணையாளாக வந்ததை நீதிபதியாக அமர்த்துவதற்கு முன்னர் சற்று நின்று சிந்தியுங்கள் என்பதே என் வேண்டுகோள். ஒரு வங்கி கடன் மறுத்தாலும், ஒரு நிறுவனம் வேலை மறுத்தாலும், ஒரு கல்லூரி அனுமதி மறுத்தாலும், கணினி அவ்வாறு கூறுகின்றது என்ற விடையோடு அமைதியடையாதீர்கள். அக்கணினிக்குப் பொறுப்பாளர் யார், அவர் கூறும் காரணம் யாது, மீளாய்வுக்கு எங்கே விண்ணப்பிப்பது என்ற மூன்று கேள்விகளையும் மரியாதையோடும் உறுதியோடும் கேளுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கும் அவ்வாறு கேட்கக் கற்றுக்கொடுங்கள்.

2020ஆம் ஆண்டு ஓகஸ்டிலே இங்கிலாந்தின் சூத்திரத்தைத் திருத்தியது வேறொரு சூத்திரம் அன்று. பதினெட்டு வயதுப் பிள்ளைகள் வீதியிலே நின்று, எம்மைப் பற்றி நீர் என்ன அறிவீர் என்று கேட்டார்கள். அக்கேள்விக்கு விடைசொல்ல முடியாமையால் ஓர் அரசாங்கம் பணிந்தது. ஒவ்வொரு பிள்ளையும் வீதிக்கு வந்து கேட்கவேண்டிய நிலையை ஏற்படுத்தாமல், கேட்பதற்குரிய வழியை முன்கூட்டியே அமைத்து வைப்பதுதான் நல்லாட்சி. இயந்திரங்கள் நாளுக்கு நாள் திறமையில் வளரும்; அதனைத் தடுப்பார் இல்லை. அவற்றுக்குப் பொறுப்பேற்று விடைகூறும் மனிதரும் அவ்வளவுக்கு வளர்வாராயின், அந்த வளர்ச்சியைக் கண்டு நாம் அஞ்சவேண்டியதில்லை.